முதல் அட்டைக்குப் பூஜ்யம்

“என் பொண்ணு ரெண்டரை சென்டிமீட்டர் குட்டையாயிட்டா.”

பஸ் டிரைவர் இதைச் சொன்னதும் மொட்டை சிரித்துவிட்டான். சிரித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். வாயில் மிச்சமிருந்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் இருமல் மாதிரி ஒன்றாக மாற்றி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தலைமுடி அவனை விட்டுப் போனது இருபத்து மூன்று வயதில். அன்றிலிருந்து மொட்டை. அதற்கு முன்னால் இருந்த பெயரை இப்போது அவன் அம்மாவும் பாங்கும் மட்டும்தான் உபயோகிக்கிறார்கள். ஐந்து வருடமாக மேடத்திடம் உதவியாளன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்துகளை ஆராய்ந்துகொண்டிருந்த மேடம், வேலையை விட்டுத் துப்பறியும் ஆபீஸ் ஆரம்பித்தபோது, விண்ணப்பம் போட்ட ஒரே ஆள் அவன்தான்.

மேடம் சிரிக்கவில்லை. “எப்போ அளந்தீங்க?” என்று கேட்டார்.

“நான் அளக்கலை மேடம். அவ என்கிட்ட இல்லையே.”

மூன்றாவது மாடியில் அவளுடைய ஒற்றை அறை. அறைக்கும் சமையல் இடத்துக்கும் நடுவே ஒரு வாசல். அதன் வெள்ளை மரச்சட்டத்தில் பென்சில் கோடுகள் ஏணிப்படி மாதிரி ஏறிப்போயின. கீழே நான்கைந்து கோடுகள் நெருக்கமாக, கோணலாக, ஒன்றின் மேல் ஒன்று. அதற்கு மேல் ஏழு கோடுகள், ஸ்கேல் வைத்துப் போட்டவை, சீரான இடைவெளியில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. எட்டாவது கோடு மட்டும் ஆறாவதுக்கும் கீழே இறங்கியிருந்தது. அதைப் போடும்போது பென்சில் முனை உடைந்திருக்க வேண்டும். மரத்தில் ஒரு சின்னக் கீறல்.

அவள் கதையைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வைத்திருந்தாள், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதுபோல. இரண்டு வருடத்துக்கு முன்னால், அவள் மதிய ஷிஃப்டில் இருந்தபோது, கணவன் மூன்று வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கூடவே நாலு கவுன், தடுப்பூசிப் புத்தகம், ஒற்றைச் செருப்பு. இன்னொரு செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடந்ததை அவன் பார்க்கவில்லை. குழந்தை தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. “ஆர்டர் இருக்கு, அட்ரஸ் இல்லையேம்மா” என்று போலீஸ் சொல்லிவிட்டது.

“அப்புறம் இந்த லெட்டருங்க வர ஆரம்பிச்சுது.”

எட்டுக் கடிதங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று. குழந்தை வளர்ச்சி ஆய்வு மையம் என்று மேலே அச்சடித்திருந்தது. குழந்தை பிறந்தபோதே ஆஸ்பத்திரியில் அவளிடம் கையெழுத்து வாங்கிச் சேர்த்துக்கொண்ட ஆய்வு அது. மடக்குப் பலகையும் ஒரு பெட்டி நிறையப் பட அட்டைகளுமாக ஒரு பெண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவாள். உயரம் அளப்பாள். அட்டையைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்பாள். குழந்தை போன பிறகு அந்தப் பெண் ஒரே ஒரு தடவை வந்து, வெறும் அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஆனால் கடிதம் மட்டும் தவறாமல் வந்தது.

மொட்டை ஒன்றை எடுத்துப் படித்தான். “அன்புள்ள பெற்றோருக்கு, உங்கள் குழந்தையின் இந்தக் காலாண்டு வளர்ச்சி. உயரம் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர். படம் பார்த்துப் பெயர் சொல்லுதல், நாற்பதுக்குப் பன்னிரண்டு.”

“லெட்டர் வந்த அன்னிக்கே கோடு போட்டுடுவேன்” என்றாள் அவள். “அவரே கூட்டிட்டுப் போய் அளக்கிறார்னு நினைச்சேன். என்கிட்ட பேச முகம் இல்லை, இப்படியாவது எனக்குத் தெரியட்டும்னு அவருக்கு ஒரு மனசு. அந்த மனசுக்காகவே பாதி கோபம் போயிடுச்சு மேடம். மையத்துல போய்க் கேட்டா லெட்டர் நின்னுடுமோன்னு பயம். போலீஸ்ல கூடச் சொல்லலை.”

“இப்ப மட்டும் ஏன் எங்ககிட்ட வந்தீங்க?”

“நூத்தி ஆறரை இருந்தா. இப்ப நூத்தி நாலு. படமும் இருபத்தொம்போதுல இருந்து இருபத்தி நாலு. அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு. குழந்தை சுருங்குமா மேடம்?”

மேடம் சட்டத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோடுகளைக் கீழிருந்து மேலே ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். தெருவில் ஒரு பஸ் போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“இந்த ஜன்னல்லதான் நிப்பா” என்றாள் அவள், யாரிடம் என்றில்லாமல். “போற பஸ்ஸுக்கெல்லாம் கையாட்டிக்கிட்டு.”

---

அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரரின் பையனும் அதே ஆய்வில் இருந்தான். மையத்திலிருந்து அவனுக்கு வந்த கடிதங்களை, வால்வு டியூப்கள் கலந்து கிடந்த ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தார் அப்பா. மேடம் அவற்றைத் தேதி வாரியாக சைக்கிள் சீட்டுகளின் மேல் பரப்பினார்.

“படி.”

மொட்டை படித்தான். “பதினொண்ணு. அடுத்தது பதினேழு. பரவாயில்லை, தேறிட்டான். அடுத்தது பத்து. தேறலை. அடுத்ததுல நம்பரே இல்லை மேடம். ‘குழந்தை மேசைக்கு அடியில் போய்விட்டதால் அளக்க இயலவில்லை.’”

“அன்னிக்கு நானும் கூடத்தான் போய் இழுத்துப் பார்த்தேன்” என்றார் கடைக்காரர் பெருமையாக. “கடிச்சுட்டான்.”

“அடுத்ததுல எடை குறைஞ்சிருக்கு.”

“அப்ப காய்ச்சல் சார். பதினஞ்சு நாள்.”

தெருவுக்கு வந்ததும் மேடம் நின்றார். “மேலே அந்தப் பொண்ணுக்கு ரெண்டு வருஷத்துல ஒரு காய்ச்சல் வந்திருக்கா?”

“லெட்டர்ல இல்லை.”

“மேசைக்கு அடியில போனாளா? அழுதாளா? ஒரு நாளாவது வாயைத் திறக்க மாட்டேன்னாளா?”

“இல்லை மேடம். ரொம்ப நல்ல பொண்ணு. எனக்கு இப்படி ஒண்ணு பிறந்தா நான் பயந்துடுவேன்.”

“நானும் அதைத்தான் யோசிக்கிறேன். கடை நிஜமா எரிஞ்சவன் எழுதிக் கொடுக்கிற நஷ்ட லிஸ்ட் அடித்தல் திருத்தலா இருக்கும், மொட்டை. பாதி மறந்திருப்பான், ஒண்ணையே ரெண்டு தடவை எழுதியிருப்பான். தானே கொளுத்தினவன் லிஸ்ட்தான் அச்சடிச்ச மாதிரி வரும். குழந்தை சுருங்காது. இந்த எட்டு லெட்டர்ல ஏதோ பொய். எல்லாரும் இறங்கின கோட்டைத்தான் சந்தேகப்படுவாங்க. எனக்கு ஏறின ஏழு மேலதான் சந்தேகம்.”

---

ஆய்வு மையத்தில் குழந்தைகள் யாரும் இல்லை. மொட்டைக்கு அதுதான் முதலில் உறைத்தது. சுவரில் ஒரு கிறுக்கல் இல்லை, தரையில் ஒரு பொம்மை இல்லை. நீளமான அறை, வரிசையாக இரும்பு அலமாரிகள், கோடியில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் மெலிந்த ஒருவர். புள்ளியியல் படித்தவர். அங்கே எல்லாரும் அவரைப் ‘புள்ளி’ என்றே கூப்பிட்டார்கள், காபி கொண்டுவந்த பெண்மணி உட்பட.

மேடம் எட்டுக் கடிதங்களையும் மேசையில் வைத்தார். “இந்தக் குழந்தையை யார் அளந்தது?”

புள்ளி கடிதத்தின் மூலையிலிருந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார். திரையில் வரிசைகள் வந்து நின்றன. அவர் முகம் மெல்ல மாறியது, சமையலறையில் ஏதோ தீயும் வாசனை பிடித்தவர் முகம்போல.

“இந்த லெட்டர் எப்படிப் போச்சு?” என்றார். “இது போயிருக்கவே கூடாதே.”

“ஏன் சார்?”

“யாருமே அளக்கலை.” அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஏழு வரிசைகளின் கடைசியிலும் ஒரு நட்சத்திரக் குறி. “குழந்தை கிடைக்கலைன்னா அந்த எண்ணைத் தூக்கிப்போட முடியாதுங்க. காணாமப் போறது எந்த வீட்டுக் குழந்தைங்க? சண்டை நடக்கிற வீடு, அடிக்கடி ஊர் மாறுற வீடு. அதையெல்லாம் விட்டுட்டு சராசரி போட்டா, எல்லாக் குழந்தைகளும் அமோகமா வளர்ற மாதிரி தெரியும். அது பொய். அதனால, காணாமப் போன குழந்தை மாதிரியே இருக்கிற அஞ்சு பேரை எடுப்போம். அதே வயசு, அதே மாதிரி வீடு, முன்னால அதே உயரம். அந்த அஞ்சு பேரோட சராசரியைக் காலி இடத்துல நிரப்பிடுவோம். நிரப்பினதுன்னு தெரிய ஒரு நட்சத்திரம் போடுவோம். ஆறாயிரம் குழந்தையைப் பத்தி மொத்தமாப் பேசும்போது அது சரியான வழி.”

“ஒரு அம்மாகிட்டப் பேசும்போது?”

புள்ளி கண்ணாடியைக் கழற்றினார். “லெட்டர் அடிக்கிற மெஷினுக்கு, நிரப்பாத பட்டியலைத்தான் கொடுக்கணும். யாரோ நிரப்பின பட்டியலைக் கொடுத்திருக்காங்க. லெட்டர்ல நட்சத்திரம் போட இடமே இல்லை.” கொஞ்சம் நிறுத்தி, “யாரோ என்ன யாரோ, நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடி பட்டியலை மாத்தினப்போ” என்றார்.

“இந்த மாதிரி எத்தனை வீட்டுக்கு லெட்டர் போயிருக்கு?” மொட்டை கேட்டான்.

அவர் எதையோ தட்டினார். மறுபடி ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

“நாற்பத்து மூணு. அதுல ஒன்பது குழந்தைங்க இறந்து போனவங்க.”

காபி ஆறிக்கொண்டிருந்தது. மொட்டை அந்த ஒன்பது வீட்டு வாசல்களை நினைத்துப் பார்த்தான். யாராவது அங்கேயும் கோடு போட்டிருப்பார்களா? பிறகு, மூன்றாவது மாடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போடும் பெண்ணை நினைத்தான். அந்தப் பாதி கோபம். இல்லாத ஒரு கருணைக்காக அவள் விட்டுக்கொடுத்த பாதி கோபம். கணவன் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. யாரும் யாரையும் எங்கும் கூட்டிப்போகவில்லை. அஞ்சு பேர் வீட்டுக் குழந்தைகள் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். இதை அவளிடம் போய் யார் சொல்வது? எந்த வாயால்?

மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எட்டாவது வரிசைக்கு நட்சத்திரம் இல்லையே” என்றார்.

புள்ளி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“நிரப்பினா ஏறத்தானே செய்யும்?” மேடம் விடவில்லை. “இறங்க வழி இருக்கா?”

“இல்லை. முந்தின அளவுமேல வைச்சுத்தான் அடுத்ததை நிரப்பும். இறங்கவே இறங்காது.” நாற்காலியை மேசையோடு இழுத்துப் போட்டுக்கொண்டார். “இது அளந்தது. பலகை வைச்சு யாரோ நிஜமா அளந்தது.”

மொட்டை எழுந்தேவிட்டான். “யாரு? எங்க?”

“வேற ஒரு கிளையில இருந்து ஏறியிருக்கு. ஒரு ஆரம்பப் பள்ளியில, ஆறு வாரம் முன்னாடி. உட்காருங்க, அவசரப்படாதீங்க. இது வேற குழந்தையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எண்ணைத் தப்பா அடிச்சிருப்பாங்க. நாலுக்குப் பதிலா ஒன்பது. கம்ப்யூட்டரே ரெண்டு சந்தேகம் காட்டுது பாருங்க. ஒண்ணு, உயரம் குறைஞ்சிருக்கு. இன்னொண்ணு, முதல் அட்டை.”

“அதுல என்ன?”

“நாற்பது அட்டையும் சுலபத்துல இருந்து கஷ்டம்னு வரிசையா அடுக்கினது. முதல் அட்டை பஸ். ஒன்றரை வயசுலயே சொல்லிடுவாங்க. இந்தக் குழந்தை தராசு சொல்லுது, ஏணி சொல்லுது, கலங்கரை விளக்கம் கூடச் சொல்லுது. பஸ்ஸுக்குப் பூஜ்யம். அப்படி ஒரு குழந்தை நடைமுறையில கிடையாது. அசிரத்தையா எழுதின தாள். இந்த மாதிரி வரிசையைக் கழிச்சிடுவோம். இன்னிக்கு சாயங்காலம் இந்த வருஷத்துக் கணக்கைப் பூட்டறோம். இதைக் கழிச்சா, அந்த இடத்தையும் பழையபடி நிரப்பிடும்.”

“எவ்வளவுன்னு நிரப்பும்?”

“நூத்தி எட்டு.”

அப்படியானால் அடுத்த கடிதத்தில் குழந்தை மறுபடி வளர்ந்துவிடும். அவளும் நிம்மதியாக ஒரு கோடு போட்டுவிடுவாள். 

“சார், ஒரு உதவி” என்றார் மேடம். “குழந்தை காணாமப் போறதுக்கு முன்னாடி நிஜமா அளந்த வரிசைங்க இருக்குமே? நட்சத்திரம் இல்லாதது. அதுல அந்த முதல் கட்டத்தை மட்டும் பாருங்க.”

புள்ளி மேலே நகர்த்தினார். மூவரும் திரைமேல் குனிந்தார்கள். இரண்டு வயதில், முதல் அட்டைக்குப் பூஜ்யம். இரண்டே காலில் பூஜ்யம். இரண்டரையில் பூஜ்யம். இரண்டே முக்காலிலும் பூஜ்யம். அதற்குப் பிறகு நட்சத்திர வரிசைகள் ஏழிலும் ஒன்று, ஒன்று, ஒன்று. வேறு வீட்டுக் குழந்தைகள் ஐந்து பேரும் பஸ்ஸை பஸ் என்றே சொல்லியிருக்கிறார்கள். எட்டாவதில் மறுபடி பூஜ்யம்.

“நடைமுறையில கிடையாதுன்னு சொன்னீங்களே” என்றான் மொட்டை. “அந்தக் கிடையாத பொண்ணு ரெண்டு தடவை எப்படி சார் பிறக்கும்?”

 புள்ளி திரையில் அந்தப் பூஜ்யங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார், மேடம் கோடுகளைத் தொட்டது போலவே.

“அந்த ஸ்கூல் எது?” மேடம் கேட்டார்.

“சொல்லக்கூடாதுங்க. குழந்தை எங்க இருக்குன்னு வெளியாளுக்குச் சொல்ற நாள்ல இந்த மையத்தை மூடிட வேண்டியதுதான். விதி.”

“விதியை முழுசாப் படிங்களேன்.”

அவர் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துவந்து நின்றபடியே புரட்டினார். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துப் போட்ட ஒரு கையெழுத்து. அதற்கு மேலே பொடி எழுத்தில் நாலு வரி. கையெழுத்திட்டவருக்கு, தம் குழந்தையைப் பற்றி இந்த ஆய்வில் பதிவான எதையும் எப்போது வேண்டுமானாலும் பார்க்க உரிமை உண்டு.

“கணக்கு எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க?”

“அஞ்சு.”

“மொட்டை, போய் அவங்களைக் கூட்டிட்டு வா.”

---

அவளுடைய பஸ் கடைசி நிறுத்தத்தில் திரும்புவதற்கு நின்றுகொண்டிருந்தது. மொட்டை முன்படியில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, கொஞ்சம் வரணும். மையத்துக்கு.”

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். “உயிரோட இருக்காளா?”

“இருக்கா” என்றான். சொன்ன பிறகுதான், அந்த வார்த்தைக்குத் தன்னிடம் இருந்த சாட்சி ஐந்து பூஜ்யங்கள் மட்டுமே என்பது நினைவுக்கு வந்தது.

டிப்போ வரை அவளேதான் ஓட்ட வேண்டியிருந்தது. நாற்பது நிமிடம். எந்த நிறுத்தத்தையும் அவள் விடவில்லை. ஒரு தாய் பள்ளிக்கூடப் பையோடு குழந்தையை ஏற்றிவிடும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். கண்ணாடியில் பின்னால் பார்த்து, எல்லாரும் பிடித்துக்கொண்டார்களா என்று உறுதி செய்த பிறகே நகர்த்தினாள். வழக்கமாக நாற்பது நிமிடத்தில் மொட்டை பாதி பஸ்ஸைச் சிநேகிதம் பிடித்துவிடுவான். அன்றைக்குக் கம்பியைப் பிடித்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தான். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்ற பழைய பயமாக இருக்கலாம்.

மையத்தில் எல்லாவற்றையும் மேடமே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, தடவிக் கொடுக்கவில்லை. முதல் ஏழு கடிதமும் உங்கள் பெண்ணைப் பற்றியது இல்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை. உங்கள் கணவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

காக்கிச் சட்டையில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். கைகள் அப்போதும் முன்னால் நீண்டு எதையோ பிடித்திருந்தன.

“அப்ப நான் போட்ட கோடெல்லாம்?”

“வேற அஞ்சு குழந்தைங்களோட சராசரிம்மா” என்றார் புள்ளி. “தப்பு என்னோடது. என்ன சொல்றதுன்னே தெரியலை.”

அவள் மேசைமேல் இருந்த கடிதங்களைப் பார்த்தாள். பிறகு, “அந்த அஞ்சு பேரும் யாரு?” என்றாள்.

“சொல்ல முடியாதும்மா.”

“பேரு கேக்கலை. நல்லா இருக்காங்களா?”

“இருக்காங்க. அஞ்சு பேருமே.”

அவள் தலையை ஆட்டினாள். “நல்லா இருக்கட்டும். ரெண்டு வருஷம் அவங்களைத்தானே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.”

மொட்டை அலமாரி ஒன்றின் பக்கம் திரும்பி, அதன் கைப்பிடியை மும்முரமாக ஆராய்ந்தான்.

எட்டாவது வரிசையின் மூலத்தாள் கிளையிலிருந்து நகலாக வந்திருந்தது. புள்ளி அதை அவள் முன்னால் வைத்தார். பள்ளியின் பெயரும் ஊரும் மேலே இருந்தன. பேருந்தில் ஒன்பது மணி நேரத் தூரம். பள்ளியில் சேர்க்கும்போது காட்டிய தடுப்பூசிப் புத்தகத்தின் பின்னட்டையில் ஆய்வின் பழைய ஸ்டிக்கர் இருந்தது என்றும், அந்த எண்ணையே எழுதிக்கொண்டதாகவும் அளந்த பெண் ஓரத்தில் குறித்திருந்தாள். கீழே நாற்பது கட்டங்கள். படம், குழந்தை சொன்னது, மதிப்பெண்.

முதல் வரியை மேடம் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கி, நிறுத்தி, தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவளே படிக்கட்டும் என்பதுபோல.

பஸ். குழந்தை சொன்னது: ‘அம்மா’. மதிப்பெண்: பூஜ்யம்.

அதற்குக் கீழே அதே கையெழுத்தில் பொடியாக ஒரு குறிப்பு. ‘இரண்டாம் முறை கேட்டபோதும் அதே பதில். முன் கண்ணாடிமேல் விரல் வைத்துக் காட்டினாள். படத்தில் ஆள் யாரும் இல்லை.’

 அவளுடைய கைகள் முதல் முறையாக மடியில் இறங்கின.

“எங்க வீட்ல பஸ்ஸுங்கிற வார்த்தையே கிடையாது சார்” என்றாள். குரல் மிகச் சாதாரணமாக இருந்தது. “ஜன்னல்ல நின்னுக்கிட்டு ‘அம்மா வருது, அம்மா போகுது’ன்னுதான் சொல்லுவா. எந்த பஸ் போனாலும் அம்மாதான். அப்ப வீட்டுக்கு வந்து அளந்த பொண்ணுகூடச் சொன்னாங்க, சரியாச் சொல்லிக் குடுங்கன்னு. திருத்தணும் திருத்தணும்னு நினைச்சேன். ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்போ தூங்கியிருப்பா.”

தாளின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அவள் அவசரமாக அதைக் கட்டை விரலால் ஒற்றி எடுத்தாள், அந்த வார்த்தை அழிந்துவிடக்கூடாது என்பதுபோல.

புள்ளி பேனாவை எடுத்தார். பூஜ்யத்தின் மேல் வைத்தார். “இதை ஒண்ணுன்னு மாத்திடறேன்மா. விதி இல்லைதான். இருந்தாலும்...”

“வேண்டாம் சார்.” அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “நீங்க மாத்தியிருந்தா இவ கிடைச்சிருப்பாளா?”

---

கோர்ட்டு ஆர்டரை எடுக்க அறைக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பள்ளி இருந்த ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஊர்ப் போலீஸுக்கு மேடம் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒற்றைச் செருப்பை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

“சின்னதா இருக்குமே அக்கா” என்றான் மொட்டை.

“தெரியும் தம்பி. அவளுக்கு என்னை நினைவு இல்லைன்னா, இதையாவது காட்டலாம்.”

பிறகு ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, மரச்சட்டத்தின் முன்னால் முட்டி போட்டாள். மேலேயிருந்து ஆரம்பித்தாள். நூற்றாறரை. நூற்றைந்து. தேதியோடு சேர்த்து ஒவ்வொன்றாக. பெயின்ட் அடித்த மரம், சுலபமாகவே அழிந்தது. மொட்டை உதவிக்குப் போனான். ஒரு துணி அவனுக்கும் கொடுத்தாள். இருவருமாக ஏழு கோடுகளையும் துடைத்தார்கள்.

எழுந்து நின்று பார்த்தபோது கீழே அந்தக் கோணல் கோடுகள், தொண்ணூற்று மூன்றில் முடிந்திருந்தன. அவள் கையால் தலையில் புத்தகம் வைத்து அளந்து போட்டவை. மேலே ஒரே ஒரு கோடு, உடைந்த பென்சிலால், நூற்று நான்கில்.

நடுவில் பதினோரு சென்டிமீட்டர் ஈரமாகக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் காய்ந்து வெறும் மரமாகிவிட்டது.

தெருவில் ஒரு பஸ் போயிற்று. ஜன்னல் அதிர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மொட்டைதான் பார்த்தான். என்ன தோன்றியதோ, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்குவதற்கு முன்னால், காலியாக இருந்த அந்த ஜன்னலில் நின்று ஒரு தடவை கையாட்டினான்.